மெருகு பிறகு, பெயர் முதலில்: சுவீடன் குடியேறிகளின் சிற்றூர் அருங்காட்சியகங்களுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்காவின் மினசோட்டா, இல்லினாய், கான்சஸ், மெய்ன் மாநிலச் சிற்றூர்களில் சுவீடன் குடியேறிகளின் வீடுகளையும் உடைமைகளையும் காத்துவரும் அருங்காட்சியக அறங்காவலர்களுக்கும் தன்னார்வலர்களுக்கும்,

வணக்கம்.

பனி உருகி, கதவைத் திறக்கும் நாள் நெருங்கும்போது உங்களில் பலர் கையில் எடுப்பது துணியையும் ஆளிவிதை எண்ணெயையும்தான். பயணப் பெட்டிகளைத் துடைத்துப் பளபளப்பாக்குகிறீர்கள். மரவீட்டுச் சுவரின் சந்துகளில் சிமென்ட் வைத்து அடைக்கிறீர்கள். கிழிந்த கடிதத்தை ஒட்டுநாடாவால் சேர்த்து, சூடான பிளாஸ்டிக் உறைக்குள் அழுத்துகிறீர்கள். எல்லாமே பிரியத்தோடு செய்யும் வேலைகள். பிரியத்தோடு செய்வதால்தான் யாரும் தடுப்பதில்லை. கவனிப்பாரின்றி அழிந்த பொருள்களைப் போலவே, கவனிப்பாலேயே அழிந்த பொருள்களும் நிறைய உண்டு. இந்த ஆண்டு மெருகு வேலையை நிறுத்திவிட்டு, அந்த நேரத்தையும் பணத்தையும் எழுதி வைக்கும் வேலைக்கும் நீரை விலக்கும் வேலைக்கும் கொடுங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

மினியாப்பொலிஸில் ஸ்வான் டர்ன்ப்ளாட் 1929இல் தம் மாளிகையைக் கொடுத்ததிலிருந்து வளர்ந்த அமெரிக்கச் சுவீடன் நிறுவனம் போன்ற பெரிய இடங்களில் இதற்கென்று பயிற்சி பெற்ற ஊழியர்கள் இருக்கிறார்கள். இந்த மடல் அவர்களுக்கு அல்ல. சம்பளம் வாங்கும் ஊழியர் ஒருவர்கூட இல்லாமல், ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் விவசாயிகளும் சாவியை வைத்துக்கொண்டு நடத்தும் இடங்களுக்கு. 1840கள் முதல் 1930 வரை அமெரிக்காவுக்குப் புறப்பட்ட 12 லட்சத்துக்கும் மேற்பட்ட சுவீடியரில் பெரும்பாலோர் பெயர் தெரியாத எளியவர்கள். 1867இல் ஓயாத மழையும் குளிரும், 1868இல் வறட்சியுமாக அடுத்தடுத்து விளைச்சல் பொய்த்தபோது சுவீடனின் யொத்தபோரி (கோதன்பர்க்) துறைமுகத்தில் கப்பலேறி, இங்கிலாந்தின் ஹல்லில் இறங்கி, ரயிலில் லிவர்பூல் போய், அங்கிருந்து அட்லாண்டிக் கடந்தவர்கள். அவர்களுடைய பொருள்கள் தலைநகர் அருங்காட்சியகங்களுக்குப் போகவில்லை. உங்களிடம்தான் வந்திருக்கின்றன.

முதலில் பெட்டி. ஒவ்வொரு சேகரிப்பிலும் இரண்டு மூன்றாவது இருக்கும். சுவீடிய மொழியில் அதற்கு ‘அமெரிக்காகிஸ்தா’ என்றே பெயர். பைன் பலகை, இரும்புப் பட்டை, பெரிய பூட்டு, உள்ளே ஓர் ஓரத்தில் சில்லறைப் பொருள் வைக்கும் சிறு அறை. முன்புறத்தில் ஓர் ஆண்டும் சில எழுத்துகளும் தீட்டியிருக்கும். ‘1822’ என்று இருந்தால், ‘1822இல் வந்த குடும்பத்தின் பெட்டி’ என்று விளக்க அட்டை எழுதிவிடுகிறோம். பெருமளவுக் குடியேற்றம் தொடங்கியதே 1840களில்தான் என்பதை மறந்துவிடுகிறோம். அந்த ஆண்டு பெரும்பாலும் பெட்டி செய்த ஆண்டு, பல வேளைகளில் ஒரு பெண்ணின் கல்யாண ஆண்டு. ஐம்பது ஆண்டுக்குப் பிறகு அவள் பேரனோ பேத்தியோ அதே பெட்டியை எடுத்துக்கொண்டு கப்பலேறியிருக்கலாம். எழுத்துகளையும் கவனியுங்கள். ‘K A D’ என்றிருந்தால் கடைசி D ‘தொத்தெர்’, அதாவது மகள். அது கரின் ஆண்டெர்ஸ்தொத்தெர் போன்ற ஒரு பெண்ணின் பெட்டி. S என்று முடிந்தால் மகன். கொடுத்த குடும்பத்தின் இன்றைய குலப்பெயரோடு எழுத்துகள் பொருந்தவில்லை என்பதற்காக, பெட்டி வேறு யாருடையதோ என்று ஒதுக்கிவிட வேண்டாம்.

பெட்டியில் இரண்டு அல்லது மூன்று அடுக்கு எழுத்து இருக்கும். கீழே பழைய பூவேலை. மேலே அவசரமாகத் தூரிகையால் எழுதிய பயண முகவரி, ‘நூர்த் அமெரிக்கா’ என்று. பின்புறமோ அடியிலோ கப்பல் நிறுவனத்தின் காகிதச் சீட்டின் மிச்சம். அந்த முகவரியும் சீட்டும்தான் வரலாற்றுக்கு விலைமதிப்பற்றவை. எண்ணெய்த் துணி முதலில் அழிப்பதும் அவற்றைத்தான். அறையை இருட்டாக்கி, கைவிளக்கைப் பலகையை ஒட்டிச் சாய்வாகப் பிடியுங்கள்; நேர்வெளிச்சத்தில் தெரியாத எழுத்து மேடுபள்ளமாகத் தெரியும். ஆறு பக்கம், உட்புறம், மூடியின் உள்முகம், அடிப்பக்கம் எல்லாவற்றையும் படம் எடுங்கள். அதற்கு முன் ஒரு தூசியைக்கூடத் துடைக்க வேண்டாம்.

ஆளிவிதை எண்ணெய் ஏன் கூடாது? அது உலர்வதில்லை, காற்றோடு சேர்ந்து இறுகுகிறது. இறுகும்போது கருக்கிறது, இறுகும்வரை தூசியைப் பிடித்துக்கொள்கிறது, இறுகியபின் வண்ணத்தைப் பெயர்க்காமல் எண்ணெயை மட்டும் எடுக்க வழியில்லை. அந்தக் காலக் கிராமத்து ஓவியர்கள் பலர் பசையில் குழைத்த வண்ணத்தையும் பயன்படுத்தினார்கள். ஈரத் துணி பட்டால் அது கரைந்துவிடும். எந்த வகை என்று தெரிய, கண்ணுக்குப் படாத ஒரு மூலையில் காய்ச்சி வடித்த நீரில் மிக லேசாக நனைத்த பஞ்சுக் குச்சியை ஒருமுறை உருட்டிப் பாருங்கள். பஞ்சில் நிறம் ஏறினால் அந்தப் பெட்டிக்கு நீர் கிடையாது. மென்மையான ஆட்டுமயிர்த் தூரிகையால் தூசியைத் தள்ளி, வாயில் வலைத்துணி கட்டிய உறிஞ்சு குழாயைக் குறைந்த வேகத்தில் அருகே பிடித்தால் போதும். இரும்புப் பட்டையைக் கம்பித் தூரிகையால் தேய்ப்பதும், துருமாற்றித் திரவம் ஊற்றுவதும் வேண்டாம். திரவம் வழிந்து பக்கத்து வண்ணத்தை அரிக்கும்.

பெட்டியை அடித்தளத்துக் கான்கிரீட் தரையில் நேரடியாக வைக்காதீர்கள். வெளிச்சுவரை ஒட்டியும் வேண்டாம். பத்து செ.மீ. உயர மரக்கட்டைகளின் மேல், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள்.

குளிர்கால வெப்பமூட்டலைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும், பெட்டிகள் வெடிப்பதற்கு முதல் காரணம் அதுதான். வெளியே −20° செல்சியஸில் ஈரம் நிறைந்த காற்றையே உள்ளே இழுத்து 20°க்குச் சூடாக்கினால், அதன் ஒப்பு ஈரப்பதம் ஏறத்தாழ 5 விழுக்காட்டுக்கு இறங்கிவிடும். சுவரும் மனிதர் மூச்சும் கொஞ்சம் ஈரம் சேர்ப்பதால் நடைமுறையில் சற்று மேலே நிற்கும், அவ்வளவுதான். 40 செ.மீ. அகலப் பைன் பலகை அந்த வறட்சியில் குறுக்குவாட்டில் சில மில்லிமீட்டர் சுருங்கும். இரும்புப் பட்டையும் ஆணியும் சுருங்க விடாது. பலகை நடுவில் பிளக்கும், வண்ணம் செதிலாக உதிரும். தீர்வு ஈரமூட்டும் கருவி வாங்குவது அல்ல. காப்பில்லாத பழைய சுவருக்குள் அந்த ஈரம் போய் உறைந்து, வசந்தத்தில் பூஞ்சையாக வெளியே வரும். ஆளில்லாத மாதங்களில் வெப்பத்தைக் குறையுங்கள். 20°க்குப் பதில் 8 அல்லது 10° வைத்தால் அதே காற்றின் ஒப்பு ஈரப்பதம் இரண்டு மடங்காகும், எரிபொருள் செலவும் குறையும். நீர்க்குழாய் உள்ள பகுதியை மட்டும் தனியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். அறைக்கொரு சிறு ஈரமானி வைத்து வாரம் ஒருமுறை எண்ணை எழுதுங்கள். ஓராண்டுப் பதிவு கையில் இருந்தால், நிதி கேட்கும் விண்ணப்பத்தில் அதுவே உங்கள் வலுவான சாட்சி.

இனி வீடு. இது பெரிய விஷயம், நிதானமாகச் சொல்கிறோம்.

சுவீடனில் பழகிய தச்சன் கட்டிய மரவீட்டில், மேல்மரத்தின் அடிப்பக்கம் நீளவாட்டில் குடைந்திருக்கும். கீழ்மரத்தின் வளைவுக்கு ஏற்பக் கோடு இழுத்துக் குடைந்தது. நடுவில் பாசியோ சணற்சக்கையோ வைத்து ஒன்றன்மேல் ஒன்று அமர்த்தியிருப்பார்கள். சந்தே இருக்காது. அவசரத்தில் கட்டிய வீடுகளிலும், அமெரிக்கத் தச்சரிடம் பழகிக் கட்டியவற்றிலும் மரங்களுக்கு நடுவே சந்து விட்டுக் களிமண்ணோ சுண்ணாம்போ பூசியிருப்பார்கள். உங்கள் வீடு எந்த வகை என்று பார்க்காமல் எந்தச் சாந்தையும் தொடாதீர்கள். மூலையில் வெட்டுமுனை தெரியும் இடத்தில் மேல்மரத்தின் அடியைப் பாருங்கள். குடைவு இருந்தால் அது முதல் வகை, அதற்குப் பூச்சே தேவையில்லை. பூச்சு இருந்தால் பிற்காலத்தில் யாரோ வைத்தது.

சிமென்ட் மிகப் பெரிய எதிரி. மரம் பருவத்துக்குப் பருவம் உப்பிச் சுருங்கும், சிமென்ட் அசையாது. இரண்டுக்கும் நடுவே மயிரிழை விரிசல் விழும். மழைநீர் அதில் இறங்கும், வெளியேற வழியில்லாமல் சிமென்டின் மேல்விளிம்பில் தேங்கும். மரத்தின் ஈரம் 20 விழுக்காட்டுக்குக் கீழே இருக்கும்வரை பூஞ்சை தலைகாட்டாது. 30ஐ நெருங்கினால் அழுகல் தொடங்கிவிடும். சிமென்ட் பூசிய சுவர் வெளியே திடமாகத் தெரியும், உள்ளே மரம் பஞ்சாகியிருக்கும். குத்தூசியால் சோதியுங்கள்: நல்ல மரத்தில் ஊசி சில மில்லிமீட்டரோடு நிற்கும், அழுகிய மரத்தில் கைப்பிடிவரை போகும். அடிக்கட்டை, சன்னலின் கீழ்மரம், கூரைநீர் தெறிக்கும் மூலை, இந்த மூன்று இடமும் பார்த்தால் முக்கால்வாசி தெரிந்துவிடும்.

சந்து அடைப்பு தேவைப்படும் வீட்டுக்கு ஒரு பங்கு சுண்ணாம்பு, மூன்று பங்கு மணல். சாந்தின் முகப்பு மேல்மரத்தின் விளிம்புக்கு உள்ளே அமுங்கியிருக்க வேண்டும், கீழ்நோக்கிச் சரிந்து வெளியே நீரைத் தள்ள வேண்டும். விளிம்புக்கு வெளியே பிதுங்கினால் அது நீரைப் பிடிக்கும் தட்டாகிவிடும். இந்த வேலையை ஜூன், ஜூலையில் முடியுங்கள். சுண்ணாம்பு காற்றை உண்டு இறுக வாரக்கணக்கில் ஆகும். செப்டம்பரில் பூசினால் இறுகுவதற்குள் உறைபனி வந்து பொடியாக்கிவிடும்.

அடிக்கட்டை அழுகுவது பெரும்பாலும் கட்டையின் குற்றம் அல்ல, மண்ணின் குற்றம். நூறாண்டில் இலையும் புழுதியும் சேர்ந்து தரை உயர்ந்திருக்கும், நந்தவனக்காரர் பூச்செடி வைத்து மண்ணைக் கூட்டியிருப்பார். அடிக்கட்டைக்கும் மண்ணுக்கும் குறைந்தது 20 செ.மீ. இடைவெளி வேண்டும். சுவரிலிருந்து மூன்று மீட்டர் தூரத்துக்குள் மண் 15 செ.மீ. சரிய வேண்டும். மண்ணை வெட்டிச் சரிவு கொடுக்க ஒரு சனிக்கிழமையும் ஆறு பேரும் போதும். இதைச் செய்யாமல் புதுக் கட்டை வைத்தால் அதுவும் அழுகும். செடிகளை இறவாணத்துக்கு வெளியே நகர்த்துங்கள். கட்டையை மாற்றியே தீர வேண்டுமென்றால் அதே மர வகையில் மாற்றுங்கள், அழுகிய பகுதியை மட்டும் வெட்டி ஒட்டுப்போடுங்கள். ஜாக்கியை ஒரு தடவைக்கு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் ஏற்றாமல், மூலைக்கு மூலை மாறி மாறி உயர்த்துங்கள். ஒரே மூலையை அவசரமாகத் தூக்கினால் எதிர்மூலையில் மரங்களைக் கோத்திருக்கும் புறாவால் வெட்டு பிளந்துவிடும். எடுத்த பழைய துண்டைத் தூக்கி எறியாதீர்கள். கோடாரித் தழும்பும் மரவளையமும் உள்ள சான்று அது.

அடுத்தது சிவப்பு. சுவீடன் என்றால் சிவப்பு வீடு, வெள்ளை மூலை என்று ஒரு படம் எல்லார் மனதிலும் இருக்கிறது. ஆனால் முதல் குடியேறிகளின் மரவீடுகள் பல, சாயமே காணாதவை. கையில் காசு வந்ததும் அவர்கள் செய்த முதல் வேலை, மரச்சுவரின் மேல் ரம்பத்தில் அறுத்த மெல்லிய பலகை அடித்து, பக்கத்து வீட்டுக்காரரைப் போல வெள்ளை அடித்ததுதான். அதைப் பிய்த்து எறிந்து ‘உண்மையான’ மரத்தைக் காட்டுவது இரட்டைத் தவறு: மரத்தை நூறாண்டு காத்தது அந்தப் பலகைதான், ‘நாங்களும் இந்த ஊர்க்காரர்கள்’ என்று அந்தக் குடும்பம் சொன்ன வார்த்தையும் அதில்தான் இருக்கிறது. வீடு எப்படி இருந்தது என்று தெரிய ஊகம் வேண்டாம். 1862ஆம் ஆண்டு நிலச்சட்டப்படி 160 ஏக்கர் பெற்றவர்கள், ஐந்தாண்டு முடிவில் சாட்சிகளோடு ஆவணம் கொடுக்க வேண்டியிருந்தது. வீட்டின் நீளம் அகலம், கதவு சன்னல், உழுத ஏக்கர் போன்ற விவரங்கள் அதில் வரும். அந்தக் கோப்புகள் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. வேறிடத்திலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்த வீடென்றால், அது முதலில் நின்ற நிலத்தின் அளவை எண்ணையும் வரவுப் பதிவேட்டில் (சேகரிப்புக்கு வந்த ஒவ்வொரு பொருளையும் எண் போட்டுப் பதியும் ஏட்டில்) எழுதுங்கள், அது இல்லாமல் கோப்பைத் தேட முடியாது.

சிவப்புச் சாயம் இருந்ததற்குச் சான்று கிடைத்தால், சுவீடனின் ஃபாலூன் செப்புச் சுரங்க மண்ணிலிருந்து வரும் நிறமியைக் காய்ச்சியே அடியுங்கள். 50 லிட்டர் நீருக்கு 2 கிலோ அன்னபேதி (இரும்புச் சல்பேட்டு), இரண்டரைக் கிலோ ரை மாவு, 8 கிலோ நிறமி. கொதிநீரில் அன்னபேதியைக் கரைத்து, மாவைத் தூவிக் கட்டி விழாமல் கலக்கிக் கால் மணி நேரம் கொதிக்க விடுங்கள். பிறகு நிறமியைச் சேர்த்து இன்னொரு கால் மணி. மாவு கட்டி தட்டினால் பிடிப்பு போய்விடும், சாயம் தொட்டவர் சட்டையில் ஒட்டும். சொரசொரப்பான மரத்தில் மட்டுமே இது நிற்கும். இழைத்த பலகையிலும், எண்ணெய் வண்ணமோ பிளாஸ்டிக் வண்ணமோ ஏற்கெனவே ஏறிய சுவரிலும் இரண்டாம் ஆண்டே செதிலாக உதிரும். நேர்வெயிலில் அடிக்காதீர்கள்.

துணிகள். குடியேறிப் பெண்கள் நெய்த படுக்கை விரிப்பும் சுவர்த்தொங்கலும் உங்கள் சேகரிப்பின் மிக அழகான பகுதி, மிகச் சீக்கிரம் போகக்கூடியதும் அதுதான். சன்னலுக்கு எதிரே பத்துக் கோடை தொங்கிய விரிப்பை மீட்க யாராலும் முடியாது. துணிக்கு 50 லக்ஸ் அளவு ஒளி போதும், ஓராண்டில் மூன்று நான்கு மாதம் காட்டிவிட்டுச் சுருட்டி இருட்டில் வையுங்கள். மடிக்காதீர்கள், பத்து செ.மீ. விட்டமுள்ள குழாயின் மேல் அமிலமற்ற தாள் சுற்றி, அதன் மேல் உருட்டுங்கள். கம்பளித் துணியில் அந்து விழுந்தால் மருந்தடிக்க வேண்டாம். பாலித்தீன் பையில் காற்றை அழுத்தி எடுத்து மூடி, −20° எட்டும் உறைபெட்டியில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்தபின் 24 மணி நேரம் பையைத் திறக்காதீர்கள். பலரும் தவறுவது இந்தக் கடைசிப் படியில்தான்: குளிர்ந்த துணியில் அறைக்காற்றின் ஈரம் நீராகப் படிந்து, சாயம் கசிந்துவிடும். தீட்டிய மரம், கண்ணாடி, எண்ணெய் ஓவியம் எதையும் உறைபெட்டியில் வைக்காதீர்கள்.

விழாக்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். டிசம்பர் 13 லூசியா விழா, கோடை நடுநாள், கான்சஸின் லிண்ட்ஸ்போர்கில் ஒற்றைப்படை ஆண்டுகளில் நடக்கும் அக்டோபர்த் திருவிழா, தேவாலய விருந்து இவையெல்லாம்தான் இந்த மரபு உயிரோடிருக்கும் இடங்கள். உங்கள் வருமானமும் அங்கிருந்துதான். அவற்றைக் குறைக்கச் சொல்லவில்லை. வரவு எண் போட்ட சால்வையை எந்தப் பிள்ளையின் தோளிலும் போடாதீர்கள், வரவு எண் போட்ட தறியில் எவரையும் நெய்ய விடாதீர்கள். இதற்காகவே ‘கையாளும் சேகரிப்பு’ என்று தனியாக ஒன்று வையுங்கள்: ஊர் பேர் தெரியாமல் வந்த ராட்டைகள், சேகரிப்பில் ஏற்கெனவே நான்கு இருக்கும் வெண்ணெய்ச் சாடிகள். பிள்ளைகள் தொடட்டும், நூற்கட்டும், உடையட்டும். மரவீட்டுக்குள் உண்மையான மெழுகுத்திரி வேண்டாம். மெய்ன் மாநிலத்தின் நியூ சுவீடனில் 1870இல் முதல் குடியேறிகளுக்காகக் கட்டிய பொதுக்கூடம் 1971இல் எரிந்து போனது. இன்று அங்கே அருங்காட்சியகமாக நிற்பது அதே வடிவில் திரும்பக் கட்டிய கட்டடம். சுவரைத் திரும்பக் கட்டலாம். எரிந்த கடிதத்தைத் திரும்ப எழுத முடியாது.

அந்தக் கடிதங்களுக்கு வருவோம். எங்கள் மதிப்பில், உங்கள் கட்டடத்திலேயே மிக முக்கியமானது ஏதோ ஒரு காலணிப் பெட்டியில் கட்டிக் கிடக்கும் கடிதங்கள். அவற்றைப் படிக்கத் தெரிந்தவர்கள் ஒவ்வோர் ஆண்டும் குறைகிறார்கள். பிளாஸ்டிக் உறைக்குள் சூடாக அழுத்துவதை இன்றோடு விடுங்கள். அதைப் பிரிக்க முடியாது. அந்தக் கால மையில் அன்னபேதி உண்டு. வெப்பமும் ஈரமும் பட்டால் எழுத்து விழுந்த இடமெல்லாம் தாள் அரித்துச் சல்லடையாகும். ஒட்டுநாடா வேண்டாம், ஊசியும் கிளிப்பும் துருப்பிடிக்கும். மடிப்பை மெதுவாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் பாலியெஸ்டர் உறையில் போட்டு, அமிலமற்ற அட்டைப் பெட்டியில் வைத்தால் போதும். அஞ்சல் உறையைக் கடிதத்திலிருந்து பிரித்து எறிபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அஞ்சல் முத்திரையில்தான் ஊரும் தேதியும் இருக்கும். இரண்டு பக்கமும், உறையும், அங்குலத்துக்கு 400 புள்ளி அடர்த்தியில் டிஃப் கோப்பாக எடுங்கள், ஒளிப்படமென்றால் 600. கறையை நீக்குவது, நிறத்தைச் சரிசெய்வது எதுவும் மூலக்கோப்பில் வேண்டாம். கோப்பின் பெயர் வரவு எண்ணாகவே இருக்கட்டும். மூன்று படி, இரண்டு வகைச் சேமிப்பு. ஒரு படி வேறு ஊரில்.

படித்து எழுதும்போது ஒரு சிக்கல் வரும். 1906இல் சுவீடிய எழுத்து முறை மாறியது. பழைய கடிதத்தில் ‘hvad’, ‘af’, ‘godt’ என்று இருப்பவை இன்றைய அகராதியில் ‘vad’, ‘av’, ‘gott’. கணினியின் மொழிபெயர்ப்பு பழைய வடிவத்தில் தடுக்கி விழுவதால், முதலில் எழுத்துக்கு எழுத்து உள்ளபடியே பெயர்த்தெழுதுங்கள். நவீனப்படுத்தியதை அடுத்த பத்தியில் தனியாக வையுங்கள். கூடவே ‘fenset’, ‘storet’ போன்ற, வேலியையும் கடையையும் குறிக்கும் ஆங்கிலச் சொல்லுக்குச் சுவீடிய வால் ஒட்டிய சொற்கள் வரும். அவற்றைப் பிழை என்று திருத்திவிடாதீர்கள். அந்தப் பேச்சைப் பதிவு செய்யவே உப்சாலாவின் வட்டார வழக்கு ஆய்வாளர் ஃபோல்கே ஹெட்ப்லூம் 1962, 1964, 1966 ஆண்டுகளில் ஒலிப்பதிவுக் கருவியோடு அமெரிக்கச் சிற்றூர்களுக்கு வந்தார். உங்கள் ஊர்ப் பெரியவர் குரல் அந்தச் சேகரிப்பில் இருக்கிறதா என்று சுவீடனுக்கு எழுதிக் கேளுங்கள்.

பெயர்களில்தான் பெரும்பாலான வரவுப் பதிவேடுகள் வழுக்குகின்றன. ஆண்டெர்ஸ் யூஹான்சனின் மகன் ஆண்டெர்சன், மகள் ஆண்டெர்ஸ்தொத்தெர். கல்யாணம் ஆனாலும் சுவீடியத் தேவாலயப் பதிவேட்டில் அவள் பெயர் மாறாது. படைவீரனாக இருந்தவனுக்குப் படை கொடுத்த குறும்பெயர் தனி. டாலர்னா மாவட்டத்தில் பண்ணைப் பெயர் சொந்தப் பெயருக்கு முன்னால் வரும். நிலையான குடும்பப் பெயரைக் கேட்ட சட்டம் 1901இல்தான் வந்தது. ஆகவே ஒரே வயிற்றில் பிறந்த மூன்று பேர் மூன்று குலப்பெயரோடு உங்கள் கல்லறைத் தோட்டத்தில் கிடக்கலாம். பதிவேட்டில் பெயருக்கு மூன்று கட்டம் வேண்டும்: சுவீடனில் இருந்த பெயர், அமெரிக்காவில் வைத்துக்கொண்ட பெயர், பிறந்த திருச்சபை வட்டாரம். மூன்றாவதுதான் திறவுகோல். வட்டாரத்தின் பெயர் தெரிந்தால், மத அறிவைச் சோதிக்கப் போதகர் வீடு வீடாகக் குடும்பத்தைப் பதிந்த தேர்வுப் பதிவேடு வரை போய்விடலாம். சுவீடன் தேசிய ஆவணக் காப்பகம் அந்தப் படங்களை 2018 முதல் இலவசமாகத் திறந்து வைத்திருக்கிறது. வட்டாரம் தெரியாவிட்டால், சுவீடன் குடியேறிகள் அமெரிக்காவில் அமைத்த லூத்தரன் சபையான அகஸ்தானா திருச்சபையின் பதிவேடுகளில் பிறந்த ஊர் பெரும்பாலும் இருக்கும். அவற்றின் நுண்படச் சுருள்கள் இல்லினாயின் ராக் ஐலண்டில் 1981இல் தொடங்கிய ஸ்வென்சன் சுவீடியக் குடியேற்ற ஆய்வு மையத்தில் உள்ளன. மினசோட்டா வரலாற்றுக் கழகமும் சுவீடன் தேசிய நூலகமும் சேர்ந்து திறந்திருக்கும் சுவீடிய அமெரிக்கச் செய்தித்தாள் தொகுப்பில் இரங்கல் குறிப்புகளைத் தேடுங்கள். பிறந்த ஊரை எழுதாத இரங்கல் அரிது.

புதிதாக வரும் பொருளுக்கு நடைமுறை ஒன்றே. முதலில் கொடைப் பத்திரத்தில் கையெழுத்து. ‘நிரந்தரக் கடன்’ என்று எதையும் வாங்காதீர்கள், கொடுத்தவர் இறந்தபின் பேரப்பிள்ளைகள் ஆளுக்கொரு கோரிக்கையோடு வருவார்கள். பிறகு வரவு எண்: ஆண்டு, அந்த ஆண்டின் எத்தனையாவது கொடை, அதில் எத்தனையாவது பொருள். 2025.12.3 என்றால் 2025இன் பன்னிரண்டாம் கொடையின் மூன்றாம் பொருள். மரத்திலும் உலோகத்திலும் அசிட்டோனில் கரைத்த பாராலாய்டு பி-72 என்ற நிறமற்ற பிசினை மெல்லியதாக ஒரு தடவை தடவி, உலர்ந்தபின் அதன் மேல் எண்ணை எழுதி, மேலே இன்னொரு பூச்சு. துணிக்குப் பருத்தி நாடாவில் எழுதித் தைக்க வேண்டும். காகிதத்துக்கும் படத்துக்கும் பின்புற ஓரத்தில் மென்பென்சில், பேனா கூடவே கூடாது. கொடுப்பவர் வரிச்சலுகைக்காக மதிப்புக் கேட்டால் சொல்லாதீர்கள். பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை தரலாம். விலை சொல்ல உங்களுக்கு உரிமையில்லை. 5,000 டாலரைத் தாண்டினால் அவரே தகுதியுள்ள மதிப்பீட்டாளரைத் தேட வேண்டும்.

எதை மறுப்பது என்பதையும் எழுத்தில் வையுங்கள். யார் வீட்டு ராட்டை என்று கொடுப்பவருக்கே தெரியாத ஏழாவது ராட்டையை மறுக்க வேண்டும். அதே வேளையில், கிழிந்த வேலைச் சட்டையையும் மளிகைக் கணக்கு நோட்டையும் வேண்டாம் என்று திருப்பி அனுப்பாதீர்கள். அழகான விரிப்பு எல்லா வீட்டிலும் தப்பிப் பிழைக்கும். ஒட்டுப்போட்ட சட்டை அரிது.

இடையில் ஒரு விஷயம், இந்த மடல் தமிழில் இருப்பதோடு தொடர்புள்ளது. அகஸ்தானா திருச்சபை இந்தியாவில் ராஜமுந்திரிப் பகுதிக்கு ஊழியர்களை அனுப்பியது. சுவீடன் திருச்சபையின் ஊழியர்கள் தமிழ்நாட்டில் தரங்கம்பாடி, திருப்பத்தூர் போன்ற இடங்களில் பணியாற்றினார்கள். ‘இந்தியா’ என்று மட்டும் எழுதிய பித்தளை விளக்கோ ஓலைச்சுவடியோ உங்கள் பெட்டியில் இருந்தால், அது தெலுங்கா தமிழா என்று எழுத்தைப் பார்த்தே சொல்லக்கூடியவர்கள் மினியாப்பொலிஸிலும் சிகாகோவிலும் ஏராளம். இதைப் படிக்கும் தமிழர்கள் அந்த உதவிக்கு முன்வருவார்கள் என்று நம்புகிறோம். கேளுங்கள்.

விளக்க அட்டைகளில் ஒரு சொற்றொடரை மட்டும் இந்த ஆண்டே மாற்றுங்கள். ‘ஆளில்லாத காட்டில் குடியேறினார்கள்’ என்பது உண்மை அல்ல. மினசோட்டாவில் செயின்ட் குரோய் பள்ளத்தாக்கு 1837 ஒப்பந்தங்களால் டகோட்டா, ஒஜிப்வே என்னும் பூர்வகுடி மக்களிடமிருந்து பெறப்பட்டது. தென்மேற்கு நிலங்கள் 1851 ஒப்பந்தங்களால் டகோட்டா மக்களிடமிருந்து. டகோட்டா மக்களுக்கும் அமெரிக்கப் படைக்கும் 1862இல் நடந்த போரில் சுவீடியக் குடியேறிகளும் உயிரிழந்தார்கள், டகோட்டா மக்கள் மாநிலத்தை விட்டே துரத்தப்பட்டார்கள். பசியிலிருந்து தப்பி வந்தவர்களின் துணிவை இந்த வரிகள் குறைத்துவிடாது. ஒப்பந்தத்தின் ஆண்டும் மக்களின் பெயரும் அட்டையில் இருக்கட்டும்.

அடுத்த பொதுக்கூட்டத்தில் மூன்று தீர்மானங்களைக் கேட்கிறோம். வண்ணம், எண்ணெய், சிமென்ட் ஆகிய மூன்றுக்கும் ஓராண்டுத் தடை. சுவரோரத்து மண்ணை வெட்டிச் சரிவு கொடுக்க ஜூனில் ஒரு சனிக்கிழமை. வரவு எண் இல்லாத பொருள்களுக்காக வாரம் ஒரு பிற்பகல்: மூன்று பேர், ஒரு மேசை, ஒரு படக்கருவி, ஒருவர் தூக்க, ஒருவர் படமெடுக்க, ஒருவர் எழுத. ஊரின் மிக மூத்த உறுப்பினரை நான்காவது நாற்காலியில் உட்கார வையுங்கள். ஒவ்வொரு பொருளையும் அவரிடம் காட்டி, இது யார் வீட்டில் இருந்தது என்று கேட்டு, அவர் சொல்வதை அவர் சொன்னபடியே, சொன்ன தேதியோடு எழுதுங்கள். அவர் வர இயலாதவரென்றால் படங்களை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போங்கள். கூட்டம் வரைகூடக் காத்திருக்க வேண்டாம், இந்த வாரமே போங்கள்.

அன்புடன்,
அருங்காட்சியகப் பொருள்களையும் பழைய ஆவணங்களையும் பேணும் பணியில் இருக்கும் தமிழர் சிலர்